நாய்க்கு பூச்சி மருந்து குடுத்தும் ஏன் திரும்பத் திரும்ப பூச்சி வருது?

நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் நாய்க்குட்டி வளர்க்குற யாருகிட்ட பேசினாலும் ஒரு புலம்பல் கண்டிப்பா இருக்கும், "பூச்சி மருந்து குடுத்தேங்க, கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்துச்சு, மறுபடி வயிறு உப்பிருச்சு"ன்னு. மண்டபத்துல இருந்து அங்கிட்டு தேவிபட்டினம், தொண்டி, இங்கிட்டு பெரியபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம்னு எங்க போனாலும் இதே கதைதான். மருந்து போலின்னு சிலர் சொல்லுவாங்க, டாக்டர் சரியில்லன்னு சிலர், இனிப்பு பிஸ்கட்டா போட்டீங்கள்ல அதான்னு வீட்டுல பெரியவங்க. பெரும்பாலும் இது எதுவுமே காரணம் இல்ல. பூச்சி நாயோட வயித்துல மட்டும் இல்லீங்க, அது புரண்டு விளையாடுற மணல்லயும் இருக்கு, குட்டியா இருந்தா அதோட தாய் உடம்புலயும் இருக்கு. இந்த ரெண்டும் புரிஞ்சுட்டா மருந்தை எப்ப குடுக்கணும், ஏன் ரெண்டாவது தடவை குடுக்கணும், வாசலை ஏன் சுத்தமா வைக்கணும்னு எல்லாம் தானா விளங்கிரும்.

முதல்ல உருண்டைப்புழு. குட்டி வாந்தி எடுக்கும்போதோ வெளிக்குப் போகும்போதோ வெள்ளையா நீளமா நெளிஞ்சுக்கிட்டு வரும் பாருங்க, அதுதான், 10 சென்டிமீட்டர்ல இருந்து 18 சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கும், பார்த்த உடனே குலை நடுங்கும். இதோட அறிவியல் பேரு டாக்ஸோகாரா கேனிஸ். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு லட்சம் முட்டைக்கு மேலகூட போடும், அது அத்தனையும் மலத்தோட வெளிய வந்து மண்ணுல விழும். ஆனா விழுந்த உடனே அந்த முட்டையால யாருக்கும் ஒண்ணும் ஆகாது, அதுக்குள்ள குட்டிப்புழு வளர்ந்து தயாராக ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரம் வரைக்கும் ஆகும். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி சுத்தம் பத்திப் பேசும்போது இதுதான் நமக்குக் கைகொடுக்கும். தயாரான முட்டை ஓடு ரொம்ப கெட்டி, மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கும், பிளீச்சிங் பவுடர் போட்டாலும் சாகாது.

அந்த முட்டையை நாய் நக்கியோ மோந்தோ முழுங்கிட்டா, குடல்ல பொரிஞ்சு வர்ற குஞ்சுப்புழு நேரா அங்கயே தங்காது, குடலைத் துளைச்சு ஈரலுக்குப் போயி, அங்க இருந்து நுரையீரலுக்குப் போயி, இருமல்ல மேல ஏறி தொண்டைக்கு வந்து, மறுபடி முழுங்கப்பட்டு குடலுக்கு வந்துதான் பெரிய புழுவா வளரும். சின்னக்குட்டி சளி இல்லாம சும்மா சும்மா இருமுறதுக்கு சில நேரம் இதுதான் காரணம். பெரிய நாயா இருந்தா கதை வேற மாதிரி, நிறைய குஞ்சுப்புழுக்கள் குடலுக்குத் திரும்பாம சதையில போயி ஒடுங்கிக்கும். நாயைப் பார்த்தா ஒரு குறையும் தெரியாது. அது பெட்டையா இருந்து சினை பிடிச்சா, சினையோட கடைசி மூணு வாரத்துல ஒடுங்கிக் கிடந்த புழு முழிச்சுக்கிட்டு நஞ்சுக்கொடி வழியா வயித்துக்குள்ள இருக்குற குட்டிக்கே போயிரும். அதாவது குட்டி பிறக்கும்போதே பூச்சியோடதான் பிறக்குது. "தாய்க்குத்தான் மருந்து குடுத்தாச்சே, குட்டிக்கு எப்படி வந்துச்சு"ன்னு கேக்குறவங்களுக்கு பதில் இதுதான், நாம குடுக்குற சாதாரண மருந்து குடல்ல இருக்குற புழுவைத்தான் தள்ளும், சதையில ஒடுங்கினதை ஒண்ணும் பண்றதில்ல.

அதனாலதான் குட்டிக்கு ரெண்டாவது வாரத்துலயே மருந்தை ஆரம்பிக்கச் சொல்றாங்க. 2, 4, 6, 8 வாரம்னு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, அப்புறம் 6 மாசம் வரைக்கும் மாசம் ஒண்ணு, அதுக்கு மேல 3 மாசத்துக்கு ஒருக்கா, இதுதான் பொதுவா எல்லா கால்நடை டாக்டரும் சொல்ற கணக்கு, உங்க நாயோட நிலைமையைப் பார்த்து கொஞ்சம் மாத்துவாங்க. தாய்க்கும் குட்டிகளோடயே சேர்த்துக் குடுக்கணும், ஏன்னா குட்டியோட பின்பக்கத்தை நக்கி சுத்தம் பண்றதே அவதான். ரெண்டு வார இடைவெளிக்கும் காரணம் இருக்கு. இன்னைக்கு குடுத்த மருந்து இன்னைக்கு குடல்ல இருக்குறதைத் தள்ளிருச்சு, ஈரல்லயும் நுரையீரல்லயும் பயணத்துல இருந்தது அடுத்தடுத்த நாள்ல குடலுக்கு வந்து சேரும், அதுக்குத்தான் அடுத்த டோஸ். ஒரு தடவை குடுத்துட்டு விட்டா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு, மருந்து மேல பழி போட்டுப் பிரயோஜனம் இல்ல.

இப்ப கொக்கிப்புழு. என்னைக் கேட்டா நம்ம கடற்கரைக்கு நிஜமான எதிரி இதுதான். உருண்டைப்புழுவைக் கண்ணால பார்க்கலாம், பயந்தாவது டாக்டர்கிட்ட ஓடுவோம். கொக்கிப்புழு ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்தான், நூல் கனம், குடல் சுவத்தைப் பல்லால கவ்விக்கிட்டு ரத்தம் குடிக்கும், வெளிய வந்து விழுறது அபூர்வம். நாய்ல அதிகமா இருக்குற வகையில ஒரு புழு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 0.1 மில்லி ரத்தம் குடிக்கும். ரொம்பக் கம்மியா தெரியுதுல்ல? 1 கிலோ எடை உள்ள குட்டிக்கு உடம்புல மொத்த ரத்தமே 80, 90 மில்லிதான். 100 புழு இருந்தா ஒரு நாளைக்கு 10 மில்லி போயிருச்சு. ஒரு வாரத்துல என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. குட்டி திடீர்னு சுருண்டு படுத்துச்சு, காலையில பார்த்தா செத்துக் கிடந்துச்சு, யாரோ விஷம் வச்சுட்டாங்கன்னு சொல்ற கேஸ்ல சிலது இதுவாத்தான் இருக்கும்.

இது குட்டிக்கு ரெண்டு வழியில வரும், ஒண்ணு தாய்ப்பால், பிறந்த முதல் சில வாரத்துலயே பால் வழியா போயிரும். இன்னொண்ணு மணல். மலத்தோட விழுந்த முட்டை வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல பொரிஞ்சு, ஒரு வாரம் பக்கமா குஞ்சுப்புழு தயாராகி, மேல்மண்ணுல காத்துக்கிட்டு இருக்கும். நாய் வந்து படுத்தா பாதத்து வழியா, வயித்துத் தோல் வழியா உள்ள துளைச்சு ஏறிரும், நக்கினா வாய் வழியாவும் போகும்.

இங்கதான் நிறைய பேரு ஒரு வாதம் வைப்பாங்க. "தம்பி, நம்ம ஊரு காய்ஞ்ச பூமி, மழையே இல்ல, உப்புக்காத்து வேற, இங்க எங்கிட்டுப்பா புழு வளரும்?" கேக்க சரியாத்தான் இருக்கு, அதுல பாதி உண்மையும் இருக்கு, கொக்கிப்புழு குஞ்சுக்கு நேர் வெயிலும் காய்ஞ்ச மண்ணும் ஆகாது, சுடுமணல்ல செத்துரும். ஆனா நம்ம நாய் சுடுமணல்லயா படுக்குது? மதியம் ஒரு மணிக்கு எந்தக் கடற்கரைத் தெருவுக்கு வேணா போயிப் பாருங்க, கரையில ஏத்தி வச்சிருக்குற வள்ளத்தோட அடி நிழல்ல மணலை ரெண்டு காலால நோண்டி மேல் மணலை ஒதுக்கிட்டு, உள்ள இருக்குற குளுந்த ஈர மணல்ல வயிறு படுற மாதிரி நீட்டிப் படுத்திருக்கும். இல்லன்னா குழாயடி, குளிக்கிற இடத்துல தண்ணி போற தென்னம்பிள்ளை மூடு, மீன் கழுவுற தொட்டிப் பக்கம். நிழல், ஈரம், பொலபொல மணல், கொக்கிப்புழுக்கு வேண்டிய மூணும் அந்த ஒரே இடத்துல இருக்கு, தெருவுல இருக்குற அத்தனை நாயும் அதே இடத்துலதான் வெளிக்கும் போகுது. ஐப்பசி, கார்த்திகை மழை பேஞ்சு விட்டப்புறம் ஊரு முழுக்கவே அப்படி ஆயிரும், அதனால அந்த மாசங்கள்ல மருந்துத் தேதி தள்ளிப் போகாம பார்த்துக்கங்க. அலை வந்து நனைச்சுட்டுப் போற கடலோரத்து மணல்ல ஆபத்து குறைவு, அதுக்கு மேல இருக்குற நிழல் மணல்தான் பிரச்சனை.

அந்த நிழல் மணல்ல நாய் மட்டுமா உக்காருது? வலை பிரிச்சுக் கட்டுற ஆம்பளைங்க, பேசிக்கிட்டு இருக்குற பொம்பளைங்க, வெறுங்காலோட விளையாடுற பிள்ளைங்க எல்லாரும் அங்கதான். நாய்க் கொக்கிப்புழு நம்ம தோலுக்குள்ளயும் புகுந்துரும், ஆனா பெரும்பாலான வகைக்கு அதுக்கு மேல வழி தெரியாது, தோலுக்கு அடியிலயே ஊர்ந்து ஊர்ந்து செவப்பா வளைஞ்சு வளைஞ்சு கோடு போட்டுக்கிட்டே போகும், ராத்திரி தூங்க விடாத அரிப்பு. உள்ளங்கால், பிட்டம், தொடைப் பக்கம் அந்த மாதிரி தினம் கொஞ்சம் கொஞ்சமா நீளுற கோடு இருந்தா படைன்னு நினைச்சு களிம்பு தடவிக்கிட்டே இருக்காம தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திரையில சரியாயிரும். ஒரு வகை மட்டும் மனுஷன் குடலுக்கே போயி முழுசா வளர்ந்துரும், அதுக்குப் பேரு ஆங்கைலோஸ்டோமா சைலானிகம், 1911ல சிலோன்ல ஒரு புனுகுப்பூனை குடல்ல இருந்து எடுத்து வகைப்படுத்தினதால அந்தப் பேரு, அதாவது தனுஷ்கோடிக்கு எதிர்க்கரைதான் அதுக்குப் பேர் குடுத்த ஊரு. ஆசியாவுல பல நாட்டுல நாய்கிட்ட இருந்து ஜனங்களுக்கு வர்றது தெரிஞ்ச விஷயம்.

உருண்டைப்புழு முட்டை பிள்ளைங்க கையில ஒட்டி வாய்க்குப் போச்சுன்னா அதோட குஞ்சு மனுஷ உடம்புல ஈரல், நுரையீரல்னு திரியும், எப்பவாவது கண்ணுக்குள்ள போயி பார்வையைக் கெடுக்கும். இதைப் படிச்சுட்டு நாயை விரட்டி விட்டுறாதீங்க தயவுசெஞ்சு. நாயைக் கொஞ்சுறதால வர்றதைவிட பழைய மலம் கலந்த மண்ணால வர்றதுதான் அதிகம். ஸ்கூல்ல 2015ல இருந்து பிப்ரவரி, ஆகஸ்ட் மாசத்துல குடற்புழு நீக்க நாள்னு பிள்ளைங்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை குடுக்குறாங்கள்ல, அதைத் தவற விடாதீங்க, ஆனா அது மனுஷக் குடல்புழுவுக்காக குடுக்குறது, அதைச் சாப்பிட்டாச்சுன்னு நாய் விஷயத்துல அசட்டையா இருக்கக்கூடாது. மண்ணுல விளையாடிட்டு வந்தா சோப்புப் போட்டு கை கழுவுறது, கால்ல செருப்பு, இது ரெண்டுமே பெரிய காவல்.

நாடாப்புழு வேற ரகம். இது மணல்ல இருந்து வர்றதில்ல, தெள்ளுப்பூச்சியில இருந்து வருது. நாடாப்புழு முட்டையை தெள்ளோட குஞ்சு தின்னும், அது வளர்ந்து நாய் மேல ஏறும், அரிக்குதுன்னு நாய் பல்லால கடிச்சு அதை முழுங்கும், ரெண்டு மூணு வாரத்துல வால் அடியில அரிசி மாதிரி வெள்ளைத் துணுக்கு ஒட்டியிருக்கும், புதுசா இருந்தா லேசா நகரும். இதுக்கு பிராசிகுவான்டெல்னு மருந்து இருக்கு, அருமையா வேலை செய்யும், ஆனா தெள்ளை ஒழிக்காம மாத்திரை மட்டும் குடுத்தா அடுத்த மாசம் அரிசி திரும்ப வந்துரும். படுக்குற சாக்கை வெந்நில அலசி வெயில்ல போடணும், நாய்க்கு தெள்ளு மருந்து போடணும், ரெண்டும் சேர்ந்தாதான்.

இன்னொரு நாடாப்புழு இருக்கு, எக்கினோகாக்கஸ், அது சில மில்லிமீட்டர்தான், கண்ணுல படுறதே கஷ்டம், ஆனா மனுஷனுக்கு அதுதான் ரொம்ப மோசம். ஆட்டோட ஈரல்லயும் நுரையீரல்லயும் நீர்க்கட்டியா இருக்கும், அந்தப் பச்சை ஈரலை, நுரையீரலை நாய்க்குப் போட்டா நாய் குடல்ல புழுவாகும், நாய் மலத்துல வர்ற முட்டை நம்ம வாய்க்குப் போனா நம்ம ஈரல்ல கட்டியாகும், வருஷக்கணக்கா சத்தமில்லாம வளர்ந்து ஆபரேஷன் வரைக்கும் கொண்டு போயி விடும். உருண்டைப்புழு முட்டை மாதிரி இதுக்கு காத்திருப்பு வேற கிடையாது, வெளிய வரும்போதே தயாராத்தான் வரும். கறிக்கடை வாசல்ல வீசுறது, கிடா வெட்டின அன்னைக்கு மிஞ்சின கழிவைத் தூக்கி நாய்க்குப் போடுறது, இந்தப் பழக்கத்தை மட்டும் நாம விட்டோம்னா இது அத்தோட நிக்கும். போட்டே ஆகணும்னா நல்லா வேகவச்சுப் போடுங்க. மீன் குடலும் அப்படித்தான், பச்சை மீன்ல வேற புழுக் குஞ்சு இருக்கும், வேகவச்சுட்டா பயம் இல்ல. பேத்தை மீனை மட்டும் எக்காரணம் கொண்டும் நாய்க்கு எட்டுற இடத்துல போடாதீங்க, அது வேற சங்கதி, வேகவச்சாலும் போகாத விஷம், ஆனா கரையில கிடக்குறதைத் தின்னு நாய் சாகுறதால சொல்லிட்டேன்.

சாட்டைப்புழு பெருங்குடல் முனையில இருக்கும், சளியும் ரத்தமுமா விட்டு விட்டு பேதி ஆகும், முட்டை போட ஆரம்பிக்கவே கிட்டத்தட்ட மூணு மாசம் ஆகும்ங்குறதால டெஸ்ட்ல மாட்டாம தப்பிக்கும். ஜியார்டியா, காக்சிடியான்னு ரெண்டு இருக்கு, அது புழுவே இல்ல, மைக்ரோஸ்கோப்ல மட்டும் தெரியுற கிருமி, குட்டிக்கு நாத்தமா தண்ணியா போகும். காக்சிடியாவை வழக்கமான பூச்சி மாத்திரை ஒண்ணும் பண்ணாது, அதுக்கு வேற மருந்து.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? வயிறு பானையா இருக்கும், மேல தொட்டா விலா எலும்பு எண்ணலாம், முடி பளபளப்பு போயிருக்கும், எவ்வளவு தின்னாலும் தேறாது. கொக்கிப்புழுவா இருந்தா மலம் தார் மாதிரி கறுப்பா வரும். நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஈறைப் பாருங்கன்னுதான். வெளிச்சத்துல வச்சு மேல் உதட்டைக் கட்டைவிரலால லேசா தூக்கணும், பல்லுக்கு மேல ஈறு நல்ல ரோஸா இருக்கணும், விரலால அழுத்தி எடுத்தா வெள்ளையாகி ரெண்டு செகண்டுக்குள்ள நிறம் திரும்பணும். ஈறு கறுப்பா இருக்குற நாயா இருந்தா கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்க. வெளிறிப் போயிருந்தா அன்னைக்கே கால்நடை ஆஸ்பத்திரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. உண்ணிக் காய்ச்சல்லயும் ஈறு வெளுக்கும், அதையும் டாக்டர்தான் பிரிச்சுச் சொல்லணும். அதே மாதிரி குட்டி விடாம வாந்தி எடுத்து ரத்தமா பேதி போனா அது பார்வோ வைரஸா இருக்கலாம், வீட்டுல உக்காந்து பூச்சி மருந்து ஊத்திக்கிட்டு இருந்தா குட்டி போயிரும். பின்பக்கத்தைத் தரையில தேய்ச்சா பூச்சின்னு எல்லாரும் சொல்றோம், பெரும்பாலும் அது ஆசனவாய் பக்கத்துல இருக்குற சுரப்பி அடைச்சுக்கிட்டதுதான். பெரிய நாய்க்கு பல நேரம் எந்த அறிகுறியும் இருக்காது, அதனால கன்னி, சிப்பிப்பாறை, தெருவுல எடுத்த நாட்டு நாய் எதுவா இருந்தாலும், "நாட்டு நாய்க்கு ஒண்ணும் ஆகாது"ன்னு விடாம தேதிக்குக் குடுங்க.

மருந்து விஷயத்துல எடைதான் எல்லாம். பெரிய நாய்க்குப் பரவலா குடுக்குற பிராசிகுவான்டெல், பைரான்டெல், ஃபெபான்டெல் மூணும் சேர்ந்த மாத்திரை 10 கிலோவுக்கு ஒண்ணுங்குற கணக்குல வரும், குட்டிக்கு திரவ மருந்து. கண்ணு மட்டத்துல "ஒரு அஞ்சு கிலோ இருக்கும்"னு குடுத்தா பாதி நேரம் தப்பாத்தான் இருக்கும். மீன் ஏலம் போடுற இடத்துல எடை மெஷின் இருக்கும், பிளாஸ்டிக் கூடையில குட்டியை உக்கார வச்சு எடுத்துட்டு கூடை எடையைக் கழிச்சா தீர்ந்துச்சு. பெரிய நாயா, நீங்க தூக்கிக்கிட்டு மெஷின்ல ஏறுங்க, அப்புறம் தனியா ஏறிக் கழிச்சுக்கங்க.

பிள்ளைங்களுக்கு வாங்கின அல்பெண்டசோல் மிச்சம் இருக்குன்னு நாய்க்குக் குடுக்காதீங்க, நாய்க்கு அது எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும், அதனாலதான் டாக்டருங்க நாய்க்கு ஃபென்பெண்டசோல் எழுதுறாங்க. ஆட்டுக்கு ஊத்துற பூச்சி மருந்தும் வேண்டாம், அதோட வீரியமும் அளவும் வேற. பூண்டு அரைச்சுக் குடுக்குறது நல்லதுன்னு சுத்திக்கிட்டு இருக்கு, பூண்டு, வெங்காயம் ரெண்டுமே நாயோட ரத்த அணுவை உடைக்கும், ஏற்கனவே ரத்தம் இல்லாத குட்டிக்கு அது கொள்ளி. வேப்பங்கொழுந்தை நம்பி மருந்தைத் தள்ளிப் போடவும் வேண்டாம். மாத்திரை குடுத்த மறுநாள் உயிரோட புழு வந்தா பதறாதீங்க, பைரான்டெல் புழுவை மரத்துப்போக வச்சு வெளிய தள்ளுற மருந்து, அப்படித்தான் வரும். நாடாப்புழு குடல்லயே கரைஞ்சுரும், ஒண்ணுமே வரலையேன்னு ரெண்டாவது மாத்திரை குடுக்காதீங்க. தடுப்பூசி போடப் போறீங்கன்னா ஒரு வாரம் முன்னாடியே பூச்சி மருந்து முடிச்சுட்டா நல்லது.

இனி மணல். உருண்டைப்புழு முட்டைக்கு ரெண்டு வாரம், கொக்கிப்புழுக்கு ஒரு வாரம் பக்கம்னு சொன்னேன்ல, அந்த அவகாசத்துக்குள்ள மலத்தை அள்ளிட்டா சங்கிலி அறுந்துரும். பழைய கவரைக் கையில மாட்டி தினமும் அள்ளுங்க, தோட்டத்துக்கு உரமா போடாம, பிள்ளைங்க போகாத இடத்துல ஆழமா தோண்டிப் புதைங்க, கடல்ல வீசாதீங்க. சிமென்ட் தரையா இருந்தா கழுவி வெயில்ல காய விடுங்க, கொதிக்கிற தண்ணி ஊத்தினா இன்னும் நல்லது. நாய் படுக்குற இடத்துல தண்ணி தேங்காம வழி பண்ணுங்க, நிழல்ல ஒரு பலகையோ பழைய கட்டிலோ போட்டுக் குடுத்தா அது மணலை நோண்டிப் படுக்குறது பாதியா குறையும். தெருவுல நாலு வீட்டுல நாய் இருந்தா நாலு வீடும் ஒரே வாரத்துல மருந்து குடுங்க, ஒருத்தர் குடுத்து மூணு பேரு விட்டா மணல் அப்படியேதான் இருக்கும், தெரு நாய்க்குச் சோறு வைக்கிறவங்க டாக்டர்கிட்ட அளவு கேட்டு அதுகளுக்கும் சோத்துல வச்சுக் குடுத்தா இன்னும் புண்ணியம்.

இவ்வளவு பண்ணியும் திரும்ப வந்தா, மாத்திரையை மாத்தி மாத்தி வாங்காம மலம் டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்க. கெட்டியா கரைச்ச உப்புத் தண்ணில மலத்தைக் கலக்கி வச்சா முட்டை மேல மிதந்து வரும், அதை மைக்ரோஸ்கோப்ல பார்த்து எந்தப் புழுன்னு சொல்லிருவாங்க, சுலபமான டெஸ்ட். காலையில போனதுல ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு, மண்ணு ஒட்டாம மேல்பக்கமா எடுத்து மூடி போட்ட டப்பாவுல அடைச்சு, மேல தேதியும் நாயோட வயசும் எழுதி, சில மணி நேரத்துக்குள்ள கொண்டு போயிருங்க, வெயில்ல வண்டி டேங்க் மேல வச்சுக்கிட்டுப் போனா சூட்டுல முட்டை கெட்டு டெஸ்ட் தப்பாயிரலாம். ஒரு தடவை ஒண்ணும் இல்லன்னு வந்தா அதோட விடாம இன்னொரு நாள் மலத்தையும் பார்க்கச் சொல்லுங்க, புழு எல்லா நாளும் ஒரே மாதிரி முட்டை போடுறதில்ல.